உண்ணியோடு வாழப் பழகிய தேனீ

இந்த எபிசோட் ஒரு தென்னந்தோப்புல ஆரம்பிக்குது.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா ஆம்பூர். பாலாற்றை ஒட்டி எங்க பெரியப்பாவுக்கு ஒரு சின்னத் தோப்பு இருக்கு. (பாலாறு, ஆம்பூர்னு சொன்னதும் தோல் கழிவு கதை வரப்போகுதுன்னு நினைக்கிறவங்க பொறுங்க, அது தனி எபிசோட்.) அந்தத் தோப்புல ஆறு தேனீப் பெட்டி வெச்சிருக்கார். நான் போனப்போ நாலுலதான் தேனீ இருந்துச்சு. மீதி ரெண்டும் ஐப்பசி மழையில கூட்டோட பறந்து போயிடுச்சாம். "இதுங்க நிக்காதுடா, எப்ப பாரு ஓடும்"னு சலிச்சுக்கிட்டார்.

அதுக்கு முந்தின வாரம்தான் அமெரிக்காவுல ஒருத்தர் தேனீ வளர்க்கிற வீடியோ பார்த்திருந்தேன். மனுஷன் ஒரு ஜாடியில முந்நூறு தேனீயை அள்ளி, மாவுச் சர்க்கரை தூவிக் குலுக்கி, எத்தனை உண்ணி உதிருதுன்னு ஒண்ணொண்ணா எண்ணுறார். நூறு தேனீக்கு மூணு உண்ணியைத் தாண்டினா மருந்து வைக்கணும், இல்லன்னா கூடு காலி. வருஷா வருஷம் இதே வேலை. அதைப் பார்த்த பயத்துல நான் பெரியப்பாகிட்ட கேட்டேன், "நீங்க உண்ணிக்கு என்ன மருந்து போடுறீங்க?"

"எந்த உண்ணிக்கு? நாய்க்கா?"

நான் விடல. ஒரு சட்டத்தைத் தூக்கி, மூடியிருந்த ஆண் தேனீ அறை சிலதை ஊசியால கிளறிப் பார்த்தோம். அஞ்சாவதோ ஆறாவதோ அறையில இருந்துச்சு. வெள்ளைக் கூட்டுப்புழு மேல சிவப்பும் பழுப்புமா ஒரு தட்டையான புள்ளி, நகருது. பெரியப்பா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துட்டு, "ஓ, இதுவா. இது எப்பவும் கெடக்கும்டா"ன்னு சட்டத்தை உள்ள வெச்சுட்டார்.

அங்க கூட்டையே கொல்லுற உண்ணி, இங்க எப்பவும் கெடக்குது, ஒண்ணும் ஆகல. ஏன்? சென்னைக்கு ரயில் ஏறினதுலேருந்து இதைத்தான் படிச்சுட்டு இருந்தேன்.

முதல்ல ஆள் யாருன்னு பார்ப்போம். பேரு வரோவா. அகலம் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். தேனீ உடம்போட ஒப்பிட்டா, நம்ம முதுகுல ஒரு சாப்பாட்டுத் தட்டு ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி. ரொம்ப நாளா இது தேனீயோட ரத்தத்தைக் குடிக்குதுன்னுதான் நினைச்சாங்க. முதன்மையா அதோட கொழுப்புத் திசுவைக் கரைச்சுச் சாப்பிடுதுன்னு 2019-ல தெரிய வந்துச்சு. அதுவும் போதாதுன்னு, இறக்கையைச் சுருங்க வைக்கிற ஒரு வைரஸையும் ஒரு தேனீகிட்டேருந்து இன்னொண்ணுக்குக் கடத்தும். குட்டி போடுற இடம் மூடிய அறை. தேனீப் புழு முழுசா வளர்ந்து, வேலைக்காரத் தேனீக்கள் மெழுகால அறையை மூடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தாய் உண்ணி உள்ள நுழைஞ்சுடும். மூடியதும் முட்டை போடும். தேனீ வெளிய வரும்போது தாயும் வளர்ந்த மகள்களும் அதோட சேர்ந்து வெளிய வரும்.

இதை முதல்ல விவரிச்சது 1904-ல, ஜாவாவுல. எடுத்தது ஐரோப்பியத் தேனீ கூட்டுலேருந்து இல்ல. ஆசியாவோட அடுக்குத் தேனீ கூட்டுலேருந்து. பெரியப்பா பெட்டியில இருக்கிற அதே இனம், அறிவியல் பேரு ஏபிஸ் செரானா. அதாவது இந்த உண்ணிக்கும் நம்ம ஊர்த் தேனீக்கும் உறவு ரொம்பப் பழசு. இத்தாலியத் தேனீன்னு நாம சொல்ற ஐரோப்பிய இனத்துக்குத்தான், ஏபிஸ் மெல்லிஃபெராவுக்குத்தான், இது புதுசு.

எப்படித் தாவுச்சு? ஐரோப்பியத் தேனீப் பெட்டிகளை மனுஷங்க கிழக்கே கொண்டு போனாங்க. ரஷ்யாவோட தூரக் கிழக்குல, ஜப்பான்ல, ரெண்டு இனமும் பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு. இருபதாம் நூற்றாண்டின் நடுவுல உண்ணி தாவிடுச்சு. அப்புறம் வந்த வழியே பெட்டிகளோடயே மேற்கே கிளம்புச்சு: 1970-களில் ஐரோப்பா, 1987 அமெரிக்கா, 1992 பிரிட்டன், 2000 நியூசிலாந்து. அதே 2000-ல தான் ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து பார்த்து, உலகம் முழுக்கக் கொன்னுட்டு இருக்கிறது ஜாவா உண்ணி இல்ல, அதோட நெருங்கிய சொந்தம்னு கண்டுபிடிச்சு, அதுக்கு 'டிஸ்ட்ரக்டர்'னு பேர் வெச்சாங்க. கடைசியா மாட்டின பெரிய நாடு ஆஸ்திரேலியா. 2022-ல நியூகாசில் துறைமுகத்துல கண்டுபிடிச்சு, பல ஆயிரம் கூடுகளை அழிச்சுப் பார்த்தாங்க. 2023-ல "இதை ஒழிக்க முடியாது"ன்னு கையை விரிச்சாங்க.

இத்தாலியத் தேனீ கூட்டுல மருந்து வைக்கலன்னா, பெரும்பாலும் ரெண்டு மூணு வருஷத்துல கூடு செத்துடும். மருந்து வெச்சா? கொஞ்ச வருஷத்துல உண்ணி அந்த மருந்துக்குப் பழகிடும். உண்ணியோட தலைமுறை நாள் கணக்குல ஓடுது, ராணித் தேனீயோடது வருஷக் கணக்குல. எங்க ஆபீஸ்ல பழைய கோடுக்கு பேட்ச் மேல பேட்ச் போட்டு ஓட்டுற ஒரு சர்வர் இருக்கு, அதுதான் ஞாபகம் வந்துச்சு. பக் அப்படியே இருக்கும், நாம தூங்காம இருப்போம்.

சரி, அடுக்குத் தேனீ என்ன பண்ணுது? இங்கதான் எனக்கு ஆச்சரியம். உண்ணியை எதிர்த்துச் சண்டை போடுற வீரத் தேனீயைத் தேடித்தான் நான் படிக்க ஆரம்பிச்சேன். அது கொஞ்சம் இருக்கு. ஒரு தேனீ உடம்பை உலுக்கும், மத்ததுங்க வந்து உண்ணியைக் கவ்வி இழுத்துப் போடும். 1987-ல வந்த ஒரு ஆய்வு, அடுக்குத் தேனீ கிட்டத்தட்ட எல்லா உண்ணியையும் இப்படியே பிடுங்கிடுதுன்னு சொல்லுச்சு. பிறகு வந்த ஆய்வுகள்ல அந்த அளவு வரல. ஆக இது மட்டும் காரணமா இருக்க முடியாது.

முக்கியமான விஷயம் அறைக்குள்ள நடக்குது. அடுக்குத் தேனீ கூட்டுல உண்ணி உருப்படியாப் பெருகுறது ஆண் தேனீ அறையில மட்டும்தான். ஆண் தேனீப் புழு வருஷத்துல சில மாசம்தான் இருக்கும், அதுவும் கொஞ்சம்தான். மத்தபடி கூடு முழுக்க வேலைக்காரத் தேனீப் புழுதான். அதுல ஏன் பெருக முடியல? 2016-ல வந்த ஒரு ஆய்வு சொன்ன பதில் இது: உண்ணி தீண்டினதும் வேலைக்காரத் தேனீப் புழு சட்டுனு வளர்ச்சி நின்னு செத்துடுது. மத்த தேனீங்க அந்த அறையைத் திறந்து, புழுவையும் உண்ணிக் குடும்பத்தையும் சேர்த்து அப்புறப்படுத்திடும். நம்ம உடம்புல கெட்டுப்போன செல் தானே செத்து மத்த செல்லைக் காப்பாத்தும் இல்லையா, அதே மாதிரி. இத்தாலியத் தேனீப் புழு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், உயிரோட இருக்கும். அந்தத் தாக்குப்பிடிக்கிற குணம்தான் உண்ணிக்குத் தீனி. தனித் தேனீயோட பலவீனம், கூட்டோட பலம்.

ஆண் தேனீ கதை இன்னும் கொஞ்சம் கொடூரம். அடுக்குத் தேனீ ஆண் அறையோட மூடி கெட்டியா, கூம்பு மாதிரி, நடுவுல ஒரு சின்ன ஓட்டையோட இருக்கும். பெட்டி வெச்சிருக்கிறவங்க பார்த்திருப்பீங்க. ஆரோக்கியமான ஆண் தேனீ அதை உள்ளேருந்து உடைச்சுட்டு வரும். நாலஞ்சு உண்ணி சேர்ந்து உறிஞ்சின ஆண் தேனீயால உடைக்க முடியாது. வெளிய இருக்கிற வேலைக்காரத் தேனீங்களும் திறந்து விடாது. ஆண் தேனீ உள்ளயே சாகும், அதோட எல்லா உண்ணியும் அதே கல்லறையில சாகும்.

இதோட இன்னொண்ணையும் சேர்த்துக்கணும்: பெரியப்பா சலிச்சுக்கிட்டாரே, அந்த ஓட்டம். அடுக்குத் தேனீ அடிக்கடி குடி பிரியும். மழை, பசி, எறும்பு, எது தொல்லை பண்ணாலும் அடையை அப்படியே போட்டுட்டு மொத்தக் கூடும் பறந்துடும். போகும்போது மூடிய அறைங்க எல்லாம் பின்னாடி நின்னுடும். உண்ணிகள்ல பெரும்பங்கு அந்த அறைங்களுக்குள்ள. புது இடத்துல புது அடை கட்டிப் புழு வளர்ற வரைக்கும் உண்ணிக்குக் குட்டி போட இடமே இல்ல.

இப்போ தேனீ வளர்க்கிறவர் பார்வையில இந்தப் பட்டியலைப் படிச்சுப் பாருங்க. சின்னக் கூடு. நிக்காது. புழுவைத் தானே தூக்கி எறியும். வருஷத்துக்குப் பத்து கிலோ தேன் கொடுத்தாலே நல்ல பெட்டி; இத்தாலியத் தேனீ முப்பது நாற்பதுன்னு கொடுக்கும். நூறு வருஷமா நாம 'குறை'ன்னு எழுதி வெச்சதுல பாதி, உண்ணியோட வாழுறதுக்கான ஏற்பாடு. இத்தாலியத் தேனீயைத் தலைமுறை தலைமுறையா நாம தேர்ந்தெடுத்தது எதுக்கு? பெரிய கூடு, நிறைய புழு, குடி பிரியக் கூடாது, அமைதியா இருக்கணும். உண்ணி கேட்டிருந்தாலும் இதையேதான் கேட்டிருக்கும்.

அடுக்குத் தேனீ இந்த நிலைக்கு வர எத்தனை கூடு செத்திருக்கும்? அதை யாரும் எழுதி வெக்கல. ஆனா இத்தாலியத் தேனீ அதே பாதையில நடக்கிறதை எண்ணிப் பார்த்திருக்காங்க. 1999-ல சுவீடனோட காட்லாண்ட் தீவுல, இங்கெமார் ஃப்ரீஸ் என்கிற ஆராய்ச்சியாளர் குழு 150 கூடுகளை வெச்சு, உண்ணியைப் பரப்பி, மருந்தே போடாம விட்டாங்க. பரிசோதனைக்குச் செல்லப்பேரு 'பாண்ட்'. ஜேம்ஸ் பாண்டே தான், 'லிவ் அண்ட் லெட் டை' படப்பேர்லேருந்து எடுத்தது. மூணாவது வருஷக் குளிர்காலத்துல இருந்ததுல 76 சதவீதம் கூடு செத்துச்சு. நாலாவது வருஷம் 57. அஞ்சாவது வருஷம் 13, ஆறாவது வருஷம் 19. பிழைச்ச கூடுகளைப் பார்த்தா, சின்னதாயிடுச்சு, ஆண் தேனீ குறைஞ்சிடுச்சு, அதுங்க அறையில உண்ணி பெருகுறதும் குறைஞ்சிடுச்சு. எங்கயோ கேட்ட பட்டியல் மாதிரி இல்ல?

நியூயார்க் பக்கம் ஆர்னாட் காடுன்னு ஒண்ணு இருக்கு. தாமஸ் சீலி அங்க 1978-ல காட்டுத் தேனீக் கூடுகளைக் கணக்கெடுத்தார். உண்ணி வந்த பிறகு, எல்லாம் செத்திருக்கும்னு நினைச்சு 2002-ல திரும்பப் போனா, அதே அளவு கூடு, உண்ணியோடயே. ஆனா ஒண்ணும் நடக்காம இல்ல. 1977-ல சேகரிச்சு வெச்ச அந்தப் பகுதித் தேனீக்களையும் உண்ணி வந்த பிறகு பிடிச்சதையும் மரபணு ரீதியா ஒப்பிட்டப்போ, பழைய ராணி வம்சங்கள்ல பெரும்பாலானது காணோம். இடையில ஒரு பெரிய சாவு நடந்திருக்கு, யாரும் பார்க்கல. தென்னாப்பிரிக்காவுல 1997-ல உண்ணி வந்தப்போ பெரும்பாலும் மருந்து போடாமலே விட்டாங்க, சில வருஷத்துல அங்க தேனீ சமாளிச்சுக்கிச்சு. இன்னொரு விசித்திரம்: தனித்தனி நாட்டுல தனித்தனியாப் பிழைச்ச கூடுகள் பலதுலயும் ஒரே பழக்கம் தெரியுது. மூடின அறையைக் கொஞ்சம் திறந்து பார்த்துட்டு மறுபடி மூடி வைக்குதுங்க. உண்ணி பெருகுறதுக்கு அதுவே இடைஞ்சல்னு சொல்றாங்க.

இதெல்லாம் தூர தேசம். நம்ம பக்கத்துலயும் ஒரு பாண்ட் பரிசோதனை நடந்திருக்கு. அதுல எதிரி உண்ணி இல்ல, வைரஸ். அதை யாரும் திட்டமிடல, யார்கிட்டயும் கேட்கல.

மார்த்தாண்டம் தெரியும்தானே? கன்னியாகுமரி மாவட்டம், 2023-ல புவிசார் குறியீடு வாங்கின மார்த்தாண்டம் தேன். அதோட கதை ஒரு பெட்டியில தொடங்குது. மேல்நாட்டுப் பெட்டி அடுக்குத் தேனீக்கு ரொம்பப் பெருசு. ஃபாதர் நியூட்டன்னு ஒரு பாதிரியார், நம்ம தேனீ அளவுக்குச் சின்னப் பெட்டி செஞ்சு, 1911-லேருந்து 1917 வரைக்கும் தமிழ்நாட்டுல கிராமத்து ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்னைக்கும் அது 'நியூட்டன் பெட்டி'தான். 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்கிற அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. சார்பா மார்த்தாண்டத்துல கிராம முன்னேற்ற மையம் தொடங்கி, தேனீ வளர்ப்பைப் பரப்பினார். அப்போ அது திருவிதாங்கூர் சமஸ்தானம். நிலம் இல்லாதவங்களும் செய்யலாம்ங்கிறதுதான் அந்தத் தொழிலோட ருசி. பெட்டியைக் கொண்டுபோய் அடுத்தவர் ரப்பர் தோட்டத்துல வெச்சாப் போதும். (ரப்பர் தேன் பூவுலேருந்து வர்றதில்ல, தெரியுமா? இலைக்காம்பு நுனியில ஊறுற இனிப்பு அது.)

1976-ல தாய்லாந்துல அடுக்குத் தேனீப் புழுக்கள்ல ஒரு நோய் தெரிஞ்சுது. தாய் சாக்புரூட் வைரஸ். புழு கூட்டுப்புழுவா மாறாம, தோலுக்குள்ள நீர் கோத்துப் பை மாதிரி ஆகி, தலையை மட்டும் படகு மூக்கு மாதிரி தூக்கிக்கிட்டுச் சாகும். 1978-ல நம்ம வடகிழக்குக்கு வந்துச்சு. 1991, 92-ல தெற்கே இறங்குச்சு. கேரளா, குடகு, கன்னியாகுமரி. பத்துல ஒன்பது கூடு போச்சு. இதுக்கு மருந்து அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல. நூறு பெட்டி வெச்சிருந்த வீட்டுல அடுத்த சீசனுக்குப் பத்துகூடத் தேறலன்னா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. நிறைய பேர் பெட்டியை விறகுக்குப் போட்டுட்டு வேற வேலைக்குப் போனாங்க. சிலர் இத்தாலியத் தேனீக்கு மாறினாங்க. 1960-களில் இமாச்சலத்தின் நக்ரோட்டாவுல அத்வால் என்கிற பூச்சியியலாளர் முயற்சியால இந்தியாவுல காலூன்றின அந்த இனம், தெற்கே பரவினது இந்தச் சாவுக்குப் பிறகுதான். அதுக்கு இந்த வைரஸ் பெருசா ஒண்ணும் பண்ணாது. ஆனா கூடவே உண்ணி மருந்துச் செலவும் வந்துச்சு.

மீதி இருந்தவங்க என்ன செஞ்சாங்க? பிழைச்ச பெட்டிங்களைப் பிரிச்சுப் பிரிச்சுப் பெருக்கினாங்க. மரப்பொந்துலயும் பாறை இடுக்குலயும் தப்பிச்ச கூடுகளைப் பிடிச்சுக் கொண்டு வந்தாங்க. இன்னைக்கு மார்த்தாண்டம் பெட்டிகள்ல இருக்கிற அடுக்குத் தேனீ பெரும்பாலும் அந்தப் பத்துல ஒண்ணோட வாரிசு. நோய் முழுசாப் போயிடல, அப்பப்போ தலைகாட்டும். ஆனா 1991 மாதிரி துடைச்சுட்டுப் போகல.

மேல்நாட்டுத் தேனீ வளர்ப்பாளர்கள்ல ஒரு கோஷ்டி, "மருந்தே போடாதே, சாகிறது சாகட்டும், மிச்சம் பலமா இருக்கும்"னு சொல்லும். கேட்க நல்லாத்தான் இருக்கு, காட்லாண்ட் கணக்கும் ஒத்துவருது. ஆனா மொட்டை மாடியில ரெண்டு பெட்டி வெச்சிருக்கிற ஐ.டி. ஆள் சொல்றதும், கடன் வாங்கி நூறு பெட்டி வெச்சவர் சொல்றதும் ஒண்ணு இல்ல. காட்லாண்ட்ல செத்தது ஆராய்ச்சிக்கூடத்தோட கூடுகள். மார்த்தாண்டத்துல செத்தது ஒரு வீட்டோட பள்ளிக்கூட ஃபீஸ். அதோட, மருந்து போடாத கூடு சாகும்போது அதுல இருந்த உண்ணி பக்கத்து வீட்டுப் பெட்டிக்கும் போகும். நான் கத்துக்குட்டி, ஆனாலும் சொல்றேன்: சாகவிட்டுத் தேர்ந்தெடுக்கிறதைவிட அளந்து தேர்ந்தெடுக்கிறது மேல். உண்ணி இருக்கிற அறையை எந்தக் கூடு மோப்பம் பிடிச்சுக் காலி பண்ணுதுன்னு எண்ணி, அந்த ராணியோட மகள்களை மட்டும் பெருக்குறது. அமெரிக்க விவசாயத் துறையோட பேட்டன் ரூஜ் ஆய்வகம் 1990-களிலிருந்தே இதைச் செய்யுது. மெதுவான வேலை. ஆனா அதுக்குப் பத்துல ஒன்பது பேர் தொழிலை விட்டுப் போக வேண்டியதில்ல.

கடைசியா ஒரு ஆம்பூர் விஷயம். உயரமான தண்ணித் தொட்டிக்கு அடியில கருகருன்னு பெரிய அடை தொங்கும், பார்த்திருப்பீங்க. மலைத்தேனீ. ஜவ்வாது மலைப் பாறையில தொங்குறதும் அதேதான். அதுக்கும் ஒரு உண்ணி உண்டு, ட்ரோபிலேலாப்ஸ். இத்தாலியத் தேனீ பெட்டிக்குள்ள வந்தா வரோவாவைவிட வேகமாப் பெருகும். ஆனா அதால புழு இல்லாம சில நாளுக்கு மேல உயிரோட இருக்க முடியாது. மலைத்தேனீ சில மாசம் இருந்துட்டு, அடையை விட்டுட்டு ஊரு மாறிப் போயிடும். போற வழியில புழு இல்ல, உண்ணி பட்டினி.

இதையெல்லாம் படிச்சுட்டு பெரியப்பாவுக்கு போன் பண்ணேன். "ரெண்டு பெட்டி ஓடிப்போச்சுன்னு வருத்தப்பட்டீங்களே, அந்த ஓட்டம்தான் அதுக்கு மருந்து"ன்னு பெருமையா விளக்கினேன். முழுசாக் கேட்டார்.

"சரிடா. மருந்து ஓடிப்போச்சு. தேனு?"

பதில் இல்ல. போன வாரம் பெரியம்மா சொன்னாங்க, அந்த ரெண்டு காலிப் பெட்டியையும் கழுவிக் காயவெச்சு, உள்ள பழைய மெழுகைத் தேய்ச்சு, தோப்பு ஓரத்துல திறந்து வெச்சிருக்காராம். எங்கேருந்தாவது ஓடி வர்ற கூட்டம் ஒண்ணு வந்து தங்கும்னு.